தண்டர்பேர்டில தேடினா ஸ்டக் ஆகுதா? போர்மட் அடிக்க முதல் இதை வாசியுங்கோ

கேள்வி இதுதான். மல்லாவிப் பக்கம் ஒரு சங்க ஒப்பிஸில வேலை செய்யிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா: தண்டர்பேர்ட் எண்ட மெயில் புரோகிராமில ஒரு ஆளின்ர பேரையோ கடித இலக்கத்தையோ அடிச்சுத் தேடினவுடன திரை வெளிறிப்போய் மேல "நொட் ரெஸ்பொண்டிங்" எண்டு நிக்குதாம், மெயில் வாறதிலயும் அனுப்புறதிலயும் ஒரு குறையும் இல்லையாம், தேடினா மட்டும்தானாம். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், ஒப்பிஸ் மெயில் ஒண்டு, ஜிமெயில் ஒண்டு, 2014 இல இருந்து ஒரு மெயிலும் அழிக்கேல்லை. ஆரோ வந்து பாத்திட்டு "அன்இன்ஸ்டால் பண்ணித் திருப்பிப் போடுங்கோ, சரிவராட்டி போர்மட்தான்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டினமாம்.

தங்கச்சி, போர்மட் கதையை முதல்ல விடுங்கோ. அன்இன்ஸ்டால் பண்ணித் திருப்பிப் போடுறதாலயும் ஒண்டும் நடக்காது, ஏனெண்டா தண்டர்பேர்ட் புரோகிராம் ஒரு இடத்தில இருக்குது, உங்கட மெயில், செட்டிங்ஸ், இன்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) எல்லாம் "ப்ரொபைல்" எண்ட வேற போல்டரில இருக்குது, புரோகிராமைக் கழட்டினாலும் அந்த ப்ரொபைல் அப்பிடியே கிடக்கும், திருப்பிப் போட்டவுடன அதே பழுதான இன்டெக்ஸைத்தான் மறுபடியும் திறக்கும். போர்மட் அடிச்சாலோ கதை வேற. உங்கட ஒப்பிஸ் மெயில் பொப் முறையில செட் பண்ணியிருந்தா பழைய மெயில் பெரும்பாலும் அந்த ஒரு கொம்பியூட்டரிலதான் இருக்கும், சேர்வரில இராது. பத்து வருசத்துக் கடிதம் ஒரு பின்னேரத்தில போயிடும். அக்கவுண்ட் செட்டிங்ஸில சேர்வர் செட்டிங்ஸ் எண்ட இடத்தைத் திறந்தா சேர்வர் டைப் பொப்பா ஐமேப்பா (மெயில் சேர்வரிலயே இருக்கிற முறை) எண்டு எழுதியிருக்கும், அதை இண்டைக்கே பாத்து ஒரு துண்டில குறிச்சு வையுங்கோ. கீழ சொல்லப்போற கனக்க விசயத்துக்கு அதுதான் அடி.

எதையும் தொட முதல் ப்ரொபைலைக் கொப்பி எடுங்கோ. ஹெல்ப் மெனுவுக்குள்ள ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன் எண்டு இருக்கும், மெனுவே தெரியாட்டி ஆல்ட் கீயை ஒருக்கா அமத்துங்கோ, மேல வரும். அதுக்குள்ள ப்ரொபைல் போல்டருக்குப் பக்கத்தில ஓப்பின் போல்டர் பட்டன் இருக்கு. அந்த போல்டர் எங்க இருக்குது எண்டு பாத்து வைச்சிட்டு தண்டர்பேர்டை மூடுங்கோ, மூடின பிறகு அந்த முழு போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டில போடுங்கோ. திறந்த நிலையில கொப்பி எடுத்தா அரைகுறையாத்தான் வரும். இடையில ஆரும் மெயில் பாக்கவேணுமெண்டு நிண்டா போனில பாக்கச் சொல்லுங்கோ.

இனி ஏன் ஸ்டக் ஆகுது எண்டு பாப்பம். தண்டர்பேர்ட் வழமையா ஒரு போல்டருக்கு ஒரு பைல் எண்டுதான் மெயிலைச் சேத்து வைக்கும். இன்பொக்ஸில இருக்கிற அம்பதாயிரம் மெயிலும், அதுகளோட வந்த படங்களும் பிடிஎஃபுகளும் எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அந்த ஒரே பைலுக்குள்ளதான். வாற கடிதம் எல்லாத்தையும் ஒரு தடிச்ச சீஆர் கொப்பியில ஒட்டிக்கொண்டு போற மாதிரி, பின் பக்கத்தில ஒரு பட்டியல் இருந்தா உடன எடுக்கலாம், பட்டியல் கிழிஞ்சு போச்செண்டா முதல் பக்கத்தில இருந்து தட்டவேணும். அந்தப் பட்டியல் தண்டர்பேர்டில ரெண்டு விதமா இருக்கு. ஒண்டு, ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனியா இருக்கிற எம்எஸ்எஃப் பைல், அதில ஆர் அனுப்பினது, என்ன தலைப்பு, எத்தினையாம் திகதி எண்ட விசயம்தான் இருக்கும். மற்றது எல்லாப் போல்டருக்கும் பொதுவான ஒரு பெரிய இன்டெக்ஸ், 2009 கடைசியில வந்த தண்டர்பேர்ட் 3 ஓட வந்தது, மெயிலுக்குள்ள இருக்கிற சொல்லுகளும் அதுக்குள்ளதான். தேடேக்க ஸ்டக் ஆகுது எண்டு வாற கேஸ்களில பெரும்பாலும் இந்த ரெண்டில ஒண்டு குழம்பியிருக்கும், இல்லாட்டி பட்டியலே இல்லாத ஒரு தேடலைச் செய்யச் சொல்லிக் கேட்டிருப்பம். மெயிலுக்கு ஒண்டும் ஆகியிராது.

அதால நான் முதல்ல கேக்கிறது "எந்தத் தேடல்?" எண்டுதான். தண்டர்பேர்டில தேடல் மூண்டு இருக்கு, ஆக்கள் எல்லாத்தையும் ஒண்டெண்டு நினைக்கினம். மேல நடுவில இருக்கிற நீளப் பெட்டி, கொன்ட்ரோல் கே அடிச்சா வாறது, அதுதான் பொதுத் தேடல், விடையைப் புது டப்பில காட்டும். மெயில் பட்டியலுக்கு நேர மேல வாற சின்னப் பெட்டி, கொன்ட்ரோல் ஷிப்ட் கே, அது குயிக் பில்டர், நீங்கள் நிக்கிற போல்டரை மட்டும்தான் சலிக்கும். மூண்டாவது கொன்ட்ரோல் ஷிப்ட் எஃப், தனி ஜன்னல் ஒண்டு திறந்து எந்தப் போல்டர், எந்தத் திகதி எண்டு கேக்கும். மூண்டிலயும் ஒரே பேரை ஒருக்கா ஒருக்கா தேடிப் பாருங்கோ. எது ஸ்டக் ஆகுதோ அதை மட்டும் திருத்தினாக் காணும்.

பொதுத் தேடலில நிண்டா, டூல்ஸ் மெனுவில ஆக்டிவிட்டி மனேஜர் எண்டு ஒண்டு இருக்கு, ஆரும் திறந்து பாக்கிறதில்லை, ஆனா இந்த வருத்தத்துக்கு அதுதான் தேர்மோமீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளலாம். இன்டெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தா எந்தப் போல்டரில எத்தினையாவது மெயிலில நிக்குது எண்டு அதில ஓடும். எண்ணிக்கை மெல்ல மெல்ல எண்டாலும் ஏறிக்கொண்டிருந்தா ஒரு பிழையும் இல்லை, வேலை முடியேல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில தேடினாப் பழைய ஹார்ட் டிஸ்க் தாங்காது, எழுதுறதும் வாசிக்கிறதும் ஒண்டா நடக்கேக்க திரைதான் வெளிறும். பின்னேரம் ஒப்பிஸ் பூட்டேக்க தண்டர்பேர்டைத் திறந்தபடி விட்டிட்டு, கொம்பியூட்டர் ஸ்லீப் ஆகாமல் பவர் செட்டிங்கை மாத்திட்டு, திரையை மட்டும் அணைச்சிட்டுப் போங்கோ, விடிய வந்து பாருங்கோ. ஒரே எண்ணிலயே மணிக்கணக்கா நிக்குதெண்டாத்தான் அந்த இன்டெக்ஸை அழிக்கவேணும்.

அழிக்கிறது எண்டா இப்பிடி. தண்டர்பேர்டை மூடுங்கோ, டாஸ்க் மனேஜரிலயும் அது இல்லை எண்டு பாருங்கோ, ஏனெண்டா சிலவேளை ஜன்னல் மூடினாலும் பின்னால ஓடிக்கொண்டு நிக்கும். ப்ரொபைல் போல்டருக்குள்ள குளோபல், மெசேஜஸ், டிபி எண்ட மூண்டு சொல்லையும் கோடு போட்டு இணைச்ச பேரில, கடைசியில டொட் எஸ்கியூலைட் எண்டு ஒரு பைல் இருக்கும், பல நேரம் ஜிபி கணக்கில வீங்கிக் கிடக்கும். அதை மட்டும் அழியுங்கோ, பயமா இருந்தா டெஸ்க்டொப்புக்கு இழுத்து வையுங்கோ. பக்கத்தில வேற எஸ்கியூலைட் பைலுகளும் இருக்கும், கை வைக்காதேங்கோ: ஏபுக் எண்டு தொடங்குறது உங்கட அட்ரஸ் புத்தகம், ஹிஸ்ட்ரி எண்டு இருக்கிறது தானாச் சேத்த அட்ரஸுகள். லொகின்ஸ், கீ4 எண்டு இருக்கிற ரெண்டும் சேத்த பாஸ்வேர்டுகள், ஒண்டைத் துலைச்சாலும் மற்றதால பிரயோசனம் இல்லை. பிறகு தண்டர்பேர்டைத் திறந்தா அது தானே புது இன்டெக்ஸ் கட்டத் தொடங்கும், மெயில் எல்லாம் ஏற்கனவே கொம்பியூட்டரில இறங்கியிருந்தா இதுக்கெண்டு டேட்டா போகாது. அந்த ராத்திரியும் திறந்து விட்டிட்டுப் போகவேண்டியதுதான். செட்டிங்ஸில ஜெனரல் பக்கத்தின்ர கீழ்ப்பக்கம் குளோபல் சேர்ச் அண்ட் இன்டெக்ஸர் எண்டு ஒரு டிக் இருக்கும், அது எடுபட்டிருந்தா ஒண்டும் கட்டாது, அதையும் பாருங்கோ.

கரண்ட் விசயத்தையும் இதோட சொல்லோணும். இன்டெக்ஸ் எழுதிக்கொண்டிருக்கேக்க பட்டெண்டு மெசின் அணைஞ்சா அந்தப் பைல் குழம்பலாம், பழைய டெஸ்க்டொப்புகளில அது கூட. 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட காலத்தை இங்க ஒருத்தரும் மறக்கேல்லை, 2025 பெப்ரவரி 9 இல பாணந்துறையில ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள்ள பூந்து நாடு முழுக்க இருட்டினதையும் மறக்கேல்லை. மழைக்காலம் வந்தா எங்கட பக்கம் குரங்கும் தேவையில்லை, ஒரு பாலைமரக் கொப்பு காணும். அதால டெஸ்க்டொப் எண்டா ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கோ, லப்டொப் எண்டா பற்றி செத்துப்போய் வயரிலயே ஓடுதா எண்டு பாருங்கோ. ஸ்டக் ஆனவுடன பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு அணைக்கிற பழக்கமும் கரண்ட் போற மாதிரித்தான், கொஞ்சம் பொறுங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, பெரும்பாலும் தானே மீண்டு வரும்.

குயிக் பில்டரில ஸ்டக் ஆகுதெண்டா கதை வேற. அதில அனுப்பினவர், பெறுபவர், தலைப்பு, உள்ளடக்கம் எண்டு நாலு பட்டன் இருக்கு. உள்ளடக்கம், அதுதான் பொடி எண்டு இருக்கிறது, அமத்தியிருந்தா ஒவ்வொரு மெயிலையும் திறந்து வாசிச்சுத்தான் சலிக்கும், அம்பதாயிரம் மெயில் உள்ள போல்டரில அதைச் செய்யச் சொன்னா மெசின் மூச்சுத்திணறும், அதில ஆச்சரியம் இல்லை. ஆர் அனுப்பினது, என்ன தலைப்பு எண்டு மட்டும் வைச்சுத் தேடுங்கோ, உடன வரும். அதுவும் இழுபட்டா எம்எஸ்எஃப் பைல்தான் பிழை. போல்டரில ரைட் கிளிக், ப்ரொபர்டீஸ், ரிப்பெயார் போல்டர். ஒண்டு கவனம்: ஐமேப் அக்கவுண்டில ரிப்பெயார் அமத்தினா அந்தப் போல்டரை சேர்வரில இருந்து திருப்பி இறக்கும். உங்கட ஒப்பிஸ் டொங்கிளில ஓடுதெண்டா மாசத்து டேட்டா ஒரு மத்தியானத்தில முடிஞ்சிடும், வைபை நல்லா உள்ள இடத்தில வைச்சுச் செய்யுங்கோ. பொப் எண்டா அந்தக் கவலை இல்லை, உள்ளுக்குள்ளயே திருப்பிக் கட்டும்.

அதோட கொம்பக்ட். தண்டர்பேர்டில மெயிலை அழிச்சா பட்டியலில இருந்துதான் போகும், பைலுக்குள்ள அது அழிஞ்சது எண்ட அடையாளத்தோட அப்பிடியே கிடக்கும், கொம்பக்ட் பண்ணினாத்தான் இடம் காலியாகும். முதல்ல ட்ராஷைக் காலி பண்ணுங்கோ, பிறகு பைல் மெனுவில கொம்பக்ட் போல்டர்ஸ். அது புதுசா ஒரு பைல் எழுதித்தான் பழசை மாத்தும், அதால சி டிரைவில அந்த இன்பொக்ஸ் அளவுக்காவது இடம் இருக்கவேணும், சிவப்புக் கோடு காட்டுற டிரைவில கொம்பக்ட் அமத்தாதேங்கோ. ஓடி முடியிற வரைக்கும் மெயிலை இழுக்கிறது அழிக்கிறது ஒண்டும் வேண்டாம்.

மூண்டாவது, கொன்ட்ரோல் ஷிப்ட் எஃப். இதில "ரன் சேர்ச் ஒன் சேர்வர்" எண்டு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா தேடுற வேலை மெயில் சேர்வருக்குப் போகும், லைன் நல்லா இருந்தா நல்ல வேகம், லைன் இழுத்தா நீங்களும் இழுபடுவியள். கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் எட்டாத மூலையில இருந்தா அதை எடுத்துவிட்டு உள்ளுக்குள்ளயே தேடுங்கோ. முழு அக்கவுண்டையும் தேடாமல் ஒரு போல்டரையும் ஒரு திகதி எல்லையையும் குடுத்தா வித்தியாசம் உடன தெரியும்.

ஜிமெயில் இருக்கெண்டு சொன்னியள், அதில ஒரு பொறி இருக்கு. ஜிமெயில் "ஓல் மெயில்" எண்டு ஒரு போல்டர் காட்டும், அதுக்குள்ள எல்லா மெயிலும் இருக்கும், இன்பொக்ஸிலயும் இருக்கும், நீங்கள் லேபல் போட்டிருந்தா அந்தப் போல்டரிலயும் இருக்கும். ஒரே கடிதம் ரெண்டு மூண்டு தரம் இறங்கி, ரெண்டு மூண்டு தரம் தேடப்படும். அக்கவுண்டில ரைட் கிளிக் பண்ணி சப்ஸ்கிரைப் எண்டதுக்குள்ள போய் ஓல் மெயிலை எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி அந்தப் போல்டரின்ர ப்ரொபர்டீஸில பொதுத் தேடலில சேக்கச் சொல்லுற டிக்கை எடுங்கோ. எடுத்துவிடுறதால மெயில் ஒண்டும் அழியாது. ஆனா ஓல் மெயிலுக்குள்ள போய் மெயிலை அழிச்சிடாதேங்கோ, ஐமேப்பில இங்க அழிச்சா அங்கயும் அழியும்.

அன்ரிவைரஸ் அடுத்த சந்தேக நபர். தண்டர்பேர்ட் அந்தப் பெரிய இன்பொக்ஸ் பைலைத் தொடுற ஒவ்வொரு முறையும் அன்ரிவைரஸும் அதை முழுக்க ஆராயப் போனா ரெண்டும் ஒரே பைலில இழுபறிப்படும். இன்னொரு ஆபத்தும் இருக்கு, ஒரே ஒரு மெயிலில வைரஸ் அற்றாச்மெண்ட் வந்திருந்தாலும் சில அன்ரிவைரஸ் அந்தப் பைலையே தூக்கி ஒதுக்கி வைச்சிடும், உங்கட முழு இன்பொக்ஸும் அதோட போயிடும். அதால ப்ரொபைல் போல்டரை விலக்குப் பட்டியலில போடலாம், விண்டோஸ் செக்கியூரிட்டிக்குள்ள எக்ஸ்குளூஷன்ஸ் எண்டு இருக்கு. மெயிலில இருந்து வெளியில சேவ் பண்ணுற பைலை அன்ரிவைரஸ் அப்பவும் பாக்கும். ரெண்டு அன்ரிவைரஸ் ஒண்டா ஓடுதெண்டா அதில ஒண்டை இண்டைக்கே கழட்டுங்கோ, அதுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆட்-ஒன் (தண்டர்பேர்டுக்குள்ள மேலதிகமாப் போடுற சின்னப் புரோகிராம்) ஏதும் போட்டிருந்தா ஷிப்ட் கீயை அமத்திக்கொண்டு தண்டர்பேர்டைத் திறவுங்கோ, ட்ரபிள்ஷூட் மோட் வரும், அதில தேடல் சரியா ஓடினா ஆட்-ஒன் ஒண்டோ ஹார்ட்வெயார் அக்சிலரேஷனோதான் காரணம், ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாக்கலாம்.

இவ்வளவும் செய்தும் இழுத்தா ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கோ, உண்மையைச் சொன்னா உங்கட கேஸில எனக்கு அதிலதான் பெரிய சந்தேகம். தேடேக்க டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100 வீதத்தில நிண்டு கொண்டு சிபியு சும்மா இருந்தா, டிஸ்க்கால ஏலாமல் கிடக்குது எண்டு அர்த்தம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டு இலவச புரோகிராம் இருக்கு, அது நீலத்தில குட் எண்டு காட்டாமல் மஞ்சளில கோஷன் எண்டு காட்டினா தேடலை மறந்திட்டு மெயிலைக் காப்பாத்துற வேலையைப் பாருங்கோ. டிஸ்க்கை மாத்துறதெண்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கோ. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ போட்டுத் தருவினம், ஆனா பழைய டிஸ்க்கைக் கையோட வாங்கிக்கொண்டு வாங்கோ, கடையில விட்டிட்டு வராதேங்கோ, அதுக்குள்ள ஒப்பிஸ் கடிதம் முழுக்க இருக்கு. ரேமைக் கூட்டினாலும் நல்லம், ஆனா காசு ஒண்டுக்குத்தான் இருக்கெண்டா எஸ்எஸ்டிதான்.

2014 இல இருந்து எல்லாத்தையும் இன்பொக்ஸிலயே வைச்சிருக்கிறதும் ஒரு காரணம்தான். அக்கவுண்ட் செட்டிங்ஸில கொப்பீஸ் அண்ட் போல்டர்ஸுக்குள்ள ஆர்கைவை வருசத்துக்கு ஒண்டா பிரிக்கச் சொல்லி வைச்சிட்டு, பழைய மெயிலைத் தெரிவுசெய்து ஏ எழுத்தை அமத்தினா 2014, 2015 எண்டு தானே பிரிஞ்சு போகும். ஒரேயடியா எல்லாத்தையும் தெரிவுசெய்யாதேங்கோ, ஒரு ரெண்டாயிரம் மெயிலாச் செய்யுங்கோ. ஐமேப் அக்கவுண்டில ஆர்கைவை லோக்கல் போல்டருக்கு மாத்தினா சேர்வரில இருந்து எடுபட்டு இந்த மெசினுக்கு மட்டும் வந்திடும், பிறகு உங்கட மனேஜர் போனில தேடிப்போட்டு "மெயில் எங்க தங்கச்சி?" எண்டு வருவார். அவரிட்ட முதல்ல கேளுங்கோ.

ஸ்டக் ஆகாமலே விடை வராத கேஸும் இருக்கு, அதையும் இதோட போட்டுக் குழப்புறவை கனபேர். பயனாளிப் பட்டியலில இருந்த ஒரு பேரைத் தேடினா தண்டர்பேர்ட் காட்டாது, ஏனெண்டா அந்தப் பேர் அற்றாச்மெண்டுக்குள்ள இருக்கு, தண்டர்பேர்டின்ர பொதுத் தேடல் அற்றாச்மெண்டின்ர பேரைத்தான் பாக்கும், உள்ளுக்குள்ள போய்ப் பாக்காது. ஸ்கான் பண்ணி வாற கடிதமெண்டா அது வெறும் படம், கேக்கவே வேண்டாம். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச மெயிலுகளும் அப்பிடித்தான், திரையில தமிழாத் தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்து, யூனிகோட் தமிழில எவ்வளவு அடிச்சாலும் ஆப்பிடாது. அந்த மாதிரி மெயிலை அனுப்பினவரின்ர பேரையும் மாசத்தையும் வைச்சுத் தேடுங்கோ. இனி வாற கடிதங்களுக்கெண்டா இலக்கத்தைத் தலைப்பில போட்டு அனுப்பச் சொல்லுங்கோ, கூட்டத்தில ஒருக்காச் சொன்னாக் காணும்.

பழைய (கிளாசிக்) அவுட்லுக் பாவிக்கிறவை இதை வாசிச்சா, உங்கட இன்டெக்ஸ் விண்டோஸின்ர கையில, கொன்ட்ரோல் பனலில இன்டெக்சிங் ஒப்ஷன்ஸுக்குள்ள அட்வான்ஸ்டில ரீபில்ட் எண்டு இருக்கு, மெயிலைச் சேத்து வைக்கிற பிஎஸ்டி பைல் பழுதெண்டா அதைத் திருத்த ஸ்கான்பிஎஸ்டி இருக்கு, மற்றபடி கரண்ட், டிஸ்க், அன்ரிவைரஸ் கதை எல்லாம் அதேதான்.

தங்கச்சி, இண்டைக்கு அவசரமா ஒரு கடிதம் தேவையெண்டா பிரவுசரில ஜிமெயிலைத் திறந்து அங்க தேடுங்கோ, அங்க தேடுறது கூகிளின்ர மெசின், உங்கட கொம்பியூட்டர் இல்லை. ஒப்பிஸ் மெயிலுக்கும் பெரும்பாலும் வெப்மெயில் அட்ரஸ் ஒண்டு இருக்கும், செட் பண்ணித் தந்தவையிட்டக் கேளுங்கோ. ப்ரொபைல் கொப்பி, மூண்டு தேடலும் ஒருக்கா, ஆக்டிவிட்டி மனேஜர், இந்த ஒழுங்கில பாத்திட்டு, சரிவராட்டி எந்தத் தேடல், பொப்பா ஐமேப்பா, ஆக்டிவிட்டி மனேஜரில எந்த எண்ணில நிக்குது, இன்பொக்ஸ் பைல் எத்தினை ஜிபி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ன நிறம் காட்டுது எண்டு எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.